அம்பு சார் சொல்லாமல் விட்ட பாதி

"மணி அடித்தால் கதவு திறக்கும்" என்று பலகையில் எழுதிவிட்டு அம்பு சார் வகுப்பைத் திரும்பிப் பார்ப்பார். "கதவு திறந்திருக்கு. மணி அடிச்சுதா?" என்று கேட்பார். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரே குரலில் "அடிச்சுது சார்" என்பார்கள். அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்துவிடும்.

"யார் சொன்னது? காத்துக்குத் திறந்திருக்கலாம். திருடன் கம்பியை விட்டு நெம்பியிருக்கலாம். மணி அடிச்சா கதவு திறக்கும், அவ்வளவுதான் வாக்கியம். வாக்கியம் சொல்லாததை நீங்க சொல்லாதீங்க."

பிறகு வாக்கியத்துக்குக் கீழே 'ம' என்று போடுவார், 'க' என்று போடுவார். இரண்டுக்கும் நடுவில் ஓர் அம்புக்குறி. ம → க. அந்த அம்பை அவர் போடும் விதமே தனி. மார்க்கர் பேனாவை அழுத்தி இழுத்து, கடைசியில் முனையை மட்டும் இரண்டு வெட்டு வெட்டுவார். ஏதோ ஒரு வருடத்து மாணவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பயிற்சி மையத்தை நடத்தும் முதலாளியம்மாவே அவரை அம்பு சார் என்றுதான் கூப்பிடுவார்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த மையம். படிக்கட்டில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் ஏற முடியாது. மாலை வகுப்புக்கு வருபவர்கள் எல்லோரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஒரு நர்ஸ் சீருடையோடு வருவார். ஒரு வேன் டிரைவர் வந்த உடனே தூங்குவார். எல்லோருக்கும் இலக்கு ஒன்றுதான். ஆண்டுக்கொரு முறை நடக்கும் அரசு வேலைக்கான போட்டித் தேர்வு. அதில் தர்க்கப் பகுதி என்று ஒன்று உண்டு. சாதாரண வாக்கியத்தைக் கொடுத்து, அதிலிருந்து எது கட்டாயம் உண்மை, எது சொல்ல முடியாது என்று கேட்பார்கள். நிறையப் பேர் அதில்தான் சறுக்குவார்கள். அம்பு சார் அந்தப் பகுதிக்கு மட்டும் ஆசிரியர்.

"சார், என் வீட்டுக்காரர் 'சம்பளம் வந்தா வெளியே கூட்டிட்டுப் போறேன்'னு சொன்னார். சம்பளம் வந்துச்சு, கூட்டிட்டுப் போகல. இதுக்கு என்ன அம்பு போடுறது?" என்று ஒருநாள் நர்ஸ் கேட்டார்.

"அதுக்கு அம்பு இல்லம்மா. வாக்கியமே பொய்."

"அதை நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க சார்!"

டிரைவர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார்.

அம்பு சாரும் ஒரு காலத்தில் அதே தேர்வை எழுதியவர்தான். பள்ளியை முடித்ததிலிருந்து வயது வரம்பு தாண்டும் வரை விடாமல் எழுதினார். தர்க்கத்தில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வரும். பொது அறிவு காலை வாரிவிடும். கடைசி முறையும் கைநழுவிப் போனபோது முதலாளியம்மா, "வராததை நினைச்சு உக்காந்திருக்காதீங்க. வர்றதைச் சொல்லிக் குடுங்க, வாங்க" என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல்களைப் பிரித்து அடுக்கும் வேலை, மாலையில் வகுப்பு.

வகுப்புக்கான வாக்கியங்களை அவர் புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. ஊரிலிருந்தே பொறுக்குவார். சலவை இயந்திரத்தின் மூடியில் "கதவு மூடியிருந்தால் மட்டுமே இயந்திரம் ஓடும்" என்று இருந்தால் அது அவருக்குப் புதையல். "மட்டுமேன்னு வந்தா அம்பு திரும்பிடும். மெஷின் ஓடுதுன்னா கதவு மூடியிருக்கு. ஆனா கதவு மூடியிருக்குன்னா மெஷின் ஓடும்னு சொல்ல முடியாது. கரண்ட் வேணாமா?" என்பார். லிஃப்ட் வாசலில் நின்று அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார். லிஃப்ட் ஓடவில்லை போலிருக்கிறது என்று பின்னால் வருகிறவர்கள் படியேறிப் போய்விடுவார்கள்.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் அவரும் தங்கையும்தான். தங்கை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன்பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தது, பள்ளியில் போய் ஆசிரியர்முன் கைகட்டி நின்றது எல்லாம் அண்ணன்தான். பின்னல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போது மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மாலையில் அண்ணன் வகுப்பிலேயே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து படிக்கிறாள்.

அவள்தான் அவருடைய மாணவர்களிலேயே கெட்டிக்காரி. பலகையில் வாக்கியத்தை எழுதி முடிக்கும் முன் அவள் அம்பு போட்டிருப்பாள். வீட்டிலும் இரண்டு பேருக்கும் அது ஒரு விளையாட்டு.

"மழை வந்தா குடை எடுத்துக்கோ" என்பார் அவர்.

"மழை வரலைன்னா எடுக்கக் கூடாதுன்னு நீ சொல்லலையே" என்று வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு போவாள். அவர் வாசலில் நின்று தானாகச் சிரித்துக்கொள்வார். உலகத்தில் தன்னுடைய வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு ஆளாவது இருக்கிறது என்று அவருக்கு ஒரு நிம்மதி.

ஒரு மாலை, வகுப்பு முடிந்து நடந்து வரும்போது தங்கை மெதுவாகப் பேச்சை எடுத்தாள். மருந்துக் கடையில் ஊசிமருந்து வைக்கும் குளிர்பெட்டி அடிக்கடி பழுதாகிறது. அதைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக் வருகிறார். நல்ல மாதிரி. அவருக்கு அம்மா மட்டும்தான். எனக்குப் பிடித்திருக்கிறது. நீ போய்ப் பேச வேண்டும்.

அம்பு சார் நடையைத் தளர்த்தினார். அவர் கோபக்காரர் இல்லை. அந்த மெக்கானிக்கை அவர் பார்த்தது கூட இல்லை, வேண்டாம் என்று சொல்லக் காரணமும் இல்லை. கொஞ்ச தூரம் தரையைப் பார்த்தபடியே நடந்தார். வீட்டு வாசலில் சாவியைத் தேடியபடி சொன்னார்.

"இந்தத் தடவை தேறினா, நான் போய்ப் பேசறேன்."

"சரி அண்ணா" என்றாள் அவள்.

அதன்பிறகு அவள் படித்த படிப்பைப் பார்த்து அவரே மலைத்துப்போனார். சாப்பிடும்போது படித்தாள், பஸ்ஸில் படித்தாள், கடையில் ஆள் வராத நேரத்தில் மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தாள். ஆனாலும் முடிவு வந்தபோது அவள் பெயர் பட்டியலில் இல்லை. தர்க்கத்தில் ஒரு கேள்வியும் தப்பவில்லை. அண்ணனுக்குக் காலை வாரிய பொது அறிவு தங்கைக்கும் வாரிவிட்டது.

அன்று அவள் அழவில்லை. துணிகளை மடித்து வைத்தாள், சமையலறையைத் துடைத்தாள், தலைவலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரவில்லை. மெக்கானிக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அம்பு சாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர் கணக்கு இதுதான். தேறினால் பேசுகிறேன் என்று சொன்னேன். தேறாவிட்டால் பேச மாட்டேன் என்று நான் சொல்லவே இல்லை. அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. இது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். பரீட்சை போன வருத்தம் ஆறட்டும், வேண்டுமானால் அவளே கேட்பாள். இப்படி நினைத்துக்கொண்டு அவர் நிம்மதியாகப் பார்சல்களை அடுக்கினார், அம்பு போட்டார்.

மூன்றாவது வரிசையில் அவள் இடத்தில் யாரோ பையை வைக்க ஆரம்பித்தார்கள்.

வெயில் ஏறிய ஒரு நாள் வகுப்பறை ஏசி காற்றை மட்டும் ஊதியது, குளிரவில்லை. முதலாளியம்மா ஆளுக்குச் சொல்லி அனுப்பினார். அம்பு சார் வகுப்புக்கு முன்னதாக வந்தபோது ஏணி மேல் ஒருவன் நின்று மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். மெலிந்த ஆள். உள்ளிருந்து எடுத்த வலை முழுக்கத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது.

"இதுக்குள்ள ஒரு ஆடே இருக்கு சார்" என்று சிரித்தான். பிறகு பலகையில் பழைய வகுப்பின் அம்புக்குறிகளைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்கதான் அம்பு சாரா?"

"ஆமா. ஏன்?"

அவன் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "மருந்துக் கடையில ஃப்ரிட்ஜ் பாக்கிறவன் நான்தான் சார்."

அம்பு சார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க" என்றார். அவன் உட்காரவில்லை.

"பாத்தது நல்லதாப் போச்சு சார். உங்க மேல எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்லணும்னு இருந்தேன். துறைமுகத்துல குளிர்பதனக் கிடங்குல வேலை கிடைச்சிருக்கு. தூரம்தான். இந்த வாரக் கடைசியில கிளம்பறேன். போகாம இருந்திருப்பேன். ஆனா உங்க தங்கச்சி பேச்சு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் வார்த்தையை மீறி வர மாட்டேன்னுட்டாங்க."

"எந்த வார்த்தை? நான் என்ன சொன்னேன்?"

"தேறினாத்தான் வந்து பேசுவேன்னு சொன்னீங்களாமே. தேறல. அப்புறம் என்ன இருக்கு?"

"தேறினாத்தான்னு சொல்லல! தேறினான்னு சொன்னேன்!" அம்பு சார் பேனாவை எடுத்துவிட்டார். பலகையில் 'தே' என்று போட்டார், 'பே' என்று போட்டார், நடுவில் அம்பை இழுத்தார். "பாருங்க. தேறினா பேசுவேன். தேறலைன்னா என்ன? இதுல ஒண்ணுமே இல்ல. பேசலாம், பேசாமலும் இருக்கலாம். நான் முடியாதுன்னு சொன்னதா இதுல எங்க இருக்கு? காட்டுங்க."

மெக்கானிக் பலகையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "எனக்கு இது தெரியாது சார்" என்று தணிந்த குரலில் சொன்னான். "அவங்க அழுதாங்க. அதுதான் தெரியும்." வலையைக் கழுவிப் பொருத்தினான். காற்று குளிர்ந்து வர ஆரம்பித்ததும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். படிக்கட்டில் ஏறி வந்த நர்ஸ் ஏணிக்கு வழிவிட்டுத் திரும்பக் கீழே இறங்கி நின்றார்.

அன்று வகுப்பில் அம்பு சார் வேறு ஒன்றும் எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தையே பயிற்சியாகக் கொடுத்தார். 'அவள் தேறினால் நான் பேசுவேன். அவள் தேறவில்லை. நான் பேசுவேனா?' எல்லோரும் எழுதினார்கள். அவர் பெஞ்சு பெஞ்சாகப் போய்ப் பார்த்தார். அத்தனை பேரும் 'சொல்ல முடியாது' என்று எழுதியிருந்தார்கள். டிரைவர்கூட. ஒருவர்கூடத் தப்பவில்லை. இப்படி ஒரு நாள் அவர் வாத்தியார் வாழ்க்கையிலேயே வந்ததில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

தங்கை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்தார்.

"அந்தப் பையனைப் பாத்தேன். ஊருக்குப் போறானாம். நீ என்னத்தைச் சொல்லி வச்சிருக்கே? நான் முடியாதுன்னா சொன்னேன்? இன்னிக்கு கிளாஸ்ல எழுதச் சொன்னேன், தெரியுமா? எல்லாரும் கரெக்டா எழுதினாங்க. அந்தத் தூங்குமூஞ்சி டிரைவர்கூட எழுதிட்டார். உனக்குத் தெரியாமப் போச்சா?"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நம்ம கதையை கிளாஸ்ல எழுதப் போட்டியா?"

"நம்ம பேர் போடல."

"பேர் போடலையாம்!" அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "நானும் அதையேதான் எழுதியிருப்பேன் அண்ணா. சொல்ல முடியாதுன்னு. மார்க் வாங்கியிருப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அன்னிக்கு வாசல்ல நீ பேசினப்போ நான் வாக்கியத்தையா கேட்டேன்? உன் மூஞ்சியைப் பாத்தேன். சாவி கையிலேயே இருக்கு, நீ பைக்குள்ள தேடறே. என் பக்கம் திரும்பவே இல்ல. அப்படி இருக்கிறவர்கிட்ட தேறலைன்னா என்ன பண்ணுவேன்னு கேக்கச் சொல்றியா?"

"கேட்டிருக்கலாமே. நீ கேப்பேன்னுதான் நானும் வாயைத் திறக்காம இருந்தேன்."

"நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன்."

அவள் சட்டையைத் திருப்பிப் போட்டுக் காலரை நீவிவிட்டாள்.

"சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். "அம்பெல்லாம் வேண்டாம். வாசல்ல நீ அதைச் சொன்ன நேரத்துல, தேறலைன்னாலும் போய்ப் பேசணும்னு உன் மனசுல இருந்துச்சா? உண்மையைச் சொல்லு."

ஆமாம் என்ற சொல் அவர் நாக்கு நுனி வரை வந்தது. வாக்கியம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் கேள்வி வாக்கியத்தைப் பற்றி இல்லை. அம்பு சார் சுவரோரம் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, அந்த மாலையை உள்ளுக்குள் திரும்ப நடந்து பார்த்தார். நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில் அவர் என்ன நினைத்தார்? அந்தத் தேர்வில் முதல் முறையே தேறுகிறவர்கள் அபூர்வம், இரண்டு மூன்று வருடமாவது ஆகும் என்று நினைத்தார். அதுவரை அடுப்பில் இரண்டு பேருக்கு உலை கொதிக்கும், குடை விளையாட்டு நடக்கும், மாலையில் கூட நடக்க ஆள் இருக்கும் என்று நினைத்தார். வேண்டாம் என்று சொல்லும் பழியும் தனக்கு வராது என்றும் நினைத்திருந்தார். அந்த வாக்கியத்தை அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கட்டியிருந்தார்.

"இல்ல" என்றார்.

அவள் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.

"இல்லம்மா. மனசுல இல்ல. நீ சரியாத்தான் புரிஞ்சுக்கிட்டே." சட்டைப் பொத்தானைத் திருகினார். "நீ போயிட்டா வீடு எப்படி இருக்கும்னு யோசிச்சேன். அவ்வளவுதான். நீ தேறினா வேற ஊர்ல வேலை போடுவாங்கன்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல பாரு."

"அட, நீயெல்லாம் தர்க்க வாத்தியார்!" என்றாள் தங்கை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். "இப்ப என்ன சொல்றே?"

"இப்ப போய்ப் பேசறேன்."

"அவர் துறைமுகத்துக்குப் போறார் அண்ணா. அது நடந்தா நானும் அங்கதான் போகணும். தெரிஞ்சுதான் பேசறியா?"

அவர் வாயில் ஒரு 'ஆனா' வந்தது. அங்கேயும் தேர்வு எழுதினால், மாதம் ஒருமுறை வந்து போனால், என்று வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் மென்று விழுங்கினார்.

"தெரிஞ்சுதான். எழுந்து வா. பஸ் கூட்டம் ஏறறதுக்குள்ள போயிடலாம்."

"சட்டையை மாத்து முதல்ல. பார்சல் பசை ஒட்டிக்கிட்டு இருக்கு."

இஸ்திரி போட்ட சட்டையை அவளே நீட்டினாள். சூடு ஆறியிருக்கவில்லை.

மெக்கானிக்கின் வீடு ஒரு சந்துக்குள் இருந்தது. முன்னறையே பட்டறை. கழற்றிப் போட்ட குளிர்பெட்டிகள் கதவில்லாமல் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றுக்குள் அவனுடைய அம்மா துணிகளை அடுக்கி வைத்திருந்தார். அலமாரிக்கு அலமாரி ஆச்சு. மெக்கானிக் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டான்.

அம்பு சார் வகுப்பில் எத்தனையோ பேர் முன் பேசியவர். இங்கே உட்காரக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "நான் பேச வந்திருக்கேன். என் தங்கச்சியை உங்க வீட்டுல குடுக்க எனக்குச் சம்மதம்" என்று நின்றபடியே சொல்லி முடித்தார்.

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "பரீட்சையில தேறினாத்தான் வருவீங்கன்னு சொன்னாங்களே. தேறிடுச்சா பொண்ணு?"

"இல்லங்க. தேறல."

"பின்னே?"

"தேறலைன்னாலும் வந்திருக்கணும். வரல. தப்பு என்னோடது."

"பரீட்சையை நாங்க கேக்கவே இல்லையே தம்பி. நீங்களா ஒரு பரீட்சை வச்சு, நீங்களா மார்க் போட்டு, எங்க பையன் மூஞ்சியை வேற தொங்க வச்சுட்டீங்க. தினம் அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டுச் சாப்பிட்டது நான்." அம்மா ஒரு நாற்காலியிலிருந்த குழாய்களை எடுத்துக் கீழே போட்டார். "உக்காருங்க. வேற ஏதாவது நிபந்தனை உண்டா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னேன்னு வரக் கூடாது."

"ஒண்ணும் இல்லங்க" என்றார் அம்பு சார். அதைச் சொல்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது பக்கத்தில் நின்ற தங்கைக்கு மட்டும் தெரிந்தது. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு பேச்சு சுலபமாக ஓடியது. மெக்கானிக் வேலையை ஒப்புக்கொண்டுவிட்டதால் சொன்னபடி கிளம்பியாக வேண்டும். முதலில் அவன் போய் வீடு தேடுவது, வீடு அமைந்ததும் வந்து கல்யாணத்தை முடித்து அம்மாவையும் அவளையும் அழைத்துக்கொண்டு போவது என்று முடிவானது. துறைமுக ஊரில் மருந்துக் கடைகள் இருக்கும், வேலைக்குக் கஷ்டம் இல்லை என்று தங்கை சொன்னாள். அம்பு சார் தலையை ஆட்டினார். அந்த ஊருக்கு எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டார். பதிலைக் கேட்டு இன்னொரு முறை தலையை ஆட்டினார்.

"தனியா இருந்துடுவீங்களா சார்?" என்று மெக்கானிக் கேட்டான்.

"பழகிக்கணும்" என்றார். பொய் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது மெக்கானிக் சந்து முனை வரை வந்தான். தங்கையிடம், "வீடு கிடைச்சா உடனே போன் பண்றேன்" என்றான்.

அம்பு சார் இரண்டடி முன்னால் போயிருந்தார். அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் தங்கை நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"கிடைக்கலைன்னா? அதையும் இப்பவே வாயால சொல்லிட்டுப் போங்க."

"கிடைக்கலைன்னாலும் பண்றேன்" என்றான் அவன் பயந்துபோய். "தினமும் பண்றேன்."

"ம். இப்ப சரி" என்றாள். அண்ணன் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள். பஸ் நிறுத்தத்தில் கூட்டம் ஏறியிருந்தது.